நடமாடும் மருத்துவ ஊர்திகளில் இரட்டை பாட்டரி: மின்னேற்றமும் பராமரிப்பும்

மருத்துவமனைக்கு வர இயலாத மக்களிடம் மருத்துவ வசதியைக் கொண்டுசெல்லும் பொருட்டு, 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ்ப் பல மாநிலங்கள் நடமாடும் மருத்துவ ஊர்திகளைப் பணியில் ஈடுபடுத்தின. 2013இல் அவ்வியக்கம் தேசிய சுகாதார இயக்கத்தின் ஒரு பகுதியான பின்னரும் இப்பணி தொடர்ந்து வருகிறது. கால்நடைகளுக்கென 1962 என்னும் தொலைபேசி எண்ணின் வழியே அழைக்கப்படும் நடமாடும் சிகிச்சை ஊர்திகளும் இவற்றுடன் சேர்ந்துள்ளன. இவ்வூர்திகள் ஏனைய அரசு ஊர்திகளினின்றும் ஒரு முக்கியக் கூறில் வேறுபடுகின்றன. ஜீப்பும் லாரியும் ஓடும்போது பயன் தருகின்றன. மருத்துவ ஊர்தியோ நிற்கும்போதுதான் பயன் தருகிறது. எஞ்சின் அணைக்கப்பட்ட பின்னரே குளிர்பதனப் பெட்டி, விளக்கு, மின்விசிறி, இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஆகியவற்றின் வேலை தொடங்குகிறது. அவ்வேலைக்குரிய மின்சாரம் அனைத்தும் ஊர்தியின் இரண்டாவது பாட்டரியிலிருந்து வருதல் வேண்டும்.

இந்த இரண்டாவது பாட்டரி அடிக்கடி கெட்டுவிடுகிறது என்பது பொதுவாகக் கூறப்படும் குறை. பாட்டரியின் தரம் சரியில்லை என்று அதற்குக் காரணமும் கூறப்படுகிறது. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலான துணை பாட்டரிகள் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவதால் அழிவதில்லை; ஒருநாளும் முழுமையாக நிரப்பப்படாமையால் அழிகின்றன. இதன் காரணத்தை அறிய, காரீய அமில பாட்டரி இயங்கும் முறையைச் சற்று நோக்க வேண்டும்.

இரு பாட்டரி எதற்கு?

எஞ்சினைக் கிளப்பும் பாட்டரி சில நொடிகளுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தர வேண்டும். அதற்கென அதன் தகடுகள் மெல்லியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தனவாகவும் அமைக்கப்படுகின்றன. மணிக்கணக்கில் சிறிது சிறிதாக மின்சாரம் தர வேண்டிய துணை பாட்டரிக்குத் தடித்த தகடுகளோ குழாய் வடிவத் தகடுகளோ தேவை. முன்னதைப் பின்னதன் வேலைக்குப் பயன்படுத்தினால், ஆழ்ந்த மின்னிறக்கத்தால் மெல்லிய தகடுகளின் பூச்சு உதிர்ந்து சில மாதங்களிலேயே பயனற்றுப் போகும். மேலும், எல்லாக் கருவிகளையும் ஒரே பாட்டரியில் இணைத்திருப்பின், முகாம் முடியும் வேளையில் எஞ்சினைக் கிளப்பவும் மின்சாரம் இராது. பேறுகால வேதனையிலுள்ள ஒரு பெண்ணை அவ்வூர்தியிலேயே மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் அதன் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிளப்பும் பாட்டரியைத் தனியே காத்து நிற்பதே இரட்டை பாட்டரி அமைப்பின் முதற்கடமை.

நிரம்பாத பாட்டரி

பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. மின்சாரம் எடுக்கப்படுங்கால் இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றம் செய்யுங்கால் இவ்வினை எதிர்த்திசையில் நிகழ்ந்து சல்பேட் மறைகிறது. புதிதாகப் படிந்த சல்பேட் மென்மையான நுண்துகள்களாக இருப்பதால் எளிதில் கரையும். பல நாட்கள் அப்படியே விடப்பட்டால் அது பெரிய படிகங்களாக இறுகி, பின்னர் எத்துணை மின்னேற்றினும் கரையாது. அந்த அளவிற்குப் பாட்டரியின் கொள்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. எனவே பாதி நிரம்பிய நிலையில் மாதக்கணக்கில் உழைக்கும் பாட்டரி, வெளித்தோற்றத்தில் குறையின்றி இருந்தும் உள்ளே இறுகிக்கொண்டே போகிறது.

மின்னேற்றத்தின் வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை. கொள்திறனில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரை பாட்டரி விரைவாக மின்சாரத்தை ஏற்கும். எஞ்சிய 20 விழுக்காட்டை ஏற்க அதற்குப் பல மணி நேரம் தேவைப்படும். வலுவான ஆல்டர்னேட்டரைப் பொருத்தினாலும் இந்த இறுதிக்கட்டத்தை விரைவுபடுத்த இயலாது. அன்றியும், எடுத்த மின்சாரத்தைக் காட்டிலும் 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாகத் திருப்பிக் கொடுத்தால்தான் பாட்டரி பழைய நிலையை அடையும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓர் ஊர்தியில் 120 ஆம்பியர்-மணி கொள்திறனுள்ள துணை பாட்டரி உள்ளது. முகாம் ஐந்து மணி நேரம் நடைபெறுகிறது. குளிர்பதனப் பெட்டி சராசரியாக 3 ஆம்பியரும், விளக்குகளும் விசிறிகளும் 5 ஆம்பியரும், ஏனைய கருவிகள் 4 ஆம்பியரும் எடுக்கின்றன. ஆக 12 ஆம்பியர் வீதம் 5 மணி நேரத்திற்கு 60 ஆம்பியர்-மணி செலவாகிறது. பாட்டரியில் பாதி குறைகிறது. இது நல்ல துணை பாட்டரி தாங்கக்கூடிய அளவே. இனி வரவைப் பார்ப்போம். முகாமுக்குச் செல்ல ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம். ஓடும்போது சராசரியாக 18 ஆம்பியர் பாட்டரியைச் சென்றடைகிறது எனக் கொண்டால், நாளொன்றுக்கு வரவு 36 ஆம்பியர்-மணி; அதில் சேமிப்பாக நிற்பது ஏறத்தாழ 31. முதல் நாள் முடிவில் 60 எஞ்சுகிறது. அது 91ஆக உயர்ந்து, இரண்டாம் நாள் முகாம் முடிவில் 31ஆகக் குறைகிறது. மீண்டும் 62ஆக உயர்கிறது. மூன்றாம் நாள் முகாம் முடியும் வேளையில் பாட்டரி ஏறத்தாழ வெறுமையாகிவிடும். அன்று குளிர்பதனப் பெட்டி நின்றுவிட, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் காக்கப்பட வேண்டிய தடுப்பூசி மருந்துகள் வெப்பமடையத் தொடங்குகின்றன. பாட்டரி பழுது என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. உண்மையில் பழுதுபட்டது வரவு செலவுக் கணக்கு.

மூன்று தலைப்புகளில் ஒரு செலவு

மேற்கண்ட எடுத்துக்காட்டில் நாள்தோறும் முழு நிறைவுக்குத் தேவை 69 ஆம்பியர்-மணி, கிடைப்பது 36, பற்றாக்குறை 33. இப்பற்றாக்குறையை ஈடுசெய்ய எளிய வழி, ஊர்தி தங்கும் இடத்தில் இரவில் வீட்டு மின் இணைப்பிலிருந்து மின்னேற்றியின் மூலம் மின்னேற்றுவதாகும். மின்னேற்றியின் இழப்பையும் சேர்த்து இதற்கு ஆகும் மின்சாரம் 0.6 யூனிட் அளவே. யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டாலும் செலவு 5 ரூபாயைத் தாண்டாது. இதற்கு மாறாக, முகாமில் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு அதே மின்சாரத்தைப் பெற முயன்றால் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டர் டீசல் எனக் குறைவாகவே கணக்கிட்டு, லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால் 135 ரூபாய் ஆகிறது. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஆல்டர்னேட்டர் தன் முழுத்திறனில் ஒரு பகுதியையே தரும் என்பதால் உண்மைச் செலவு இதனினும் மிகலாம். புகையும் இரைச்சலும் நோயாளிகளுக்கு மேலதிகம்.

இவ்வளவு வெளிப்படையான சிக்கனம் ஏன் கைக்கொள்ளப்படுவதில்லை என்பது பொருளியல் மாணவர் சிந்தித்தற்குரிய வினா. இரவு மின்னேற்றத்தின் மின்கட்டணம் ஓர் அலுவலகத்தின் கணக்கில் சேர்கிறது. டீசல் போக்குவரத்துச் செலவில் சேர்கிறது. புதிய பாட்டரி பழுதுபார்ப்பு என்னும் மூன்றாவது தலைப்பில் வருகிறது. தன் தலைப்பில் ஐந்து ரூபாயைச் சேமிப்பவருக்கு, அடுத்த தலைப்பில் ஏற்படும் நூற்று முப்பத்தைந்து ரூபாய்ச் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. பாட்டரியின் விலை 12,000 ரூபாய் எனவும், ஒழுங்காகப் பேணினால் 500 முறை பாதியளவு இறக்கி ஏற்றலாம் எனவும் கொள்வோம். ஒரு நாள் பணிக்குத் தேய்மானம் 24 ரூபாய். பேணாமையால் 150 முறையிலேயே அது பயனற்றுப்போனால் தேய்மானம் 80 ரூபாய். கொள்முதல் விலையில் பத்து விழுக்காடு குறைத்து வாங்கியதை வெற்றியாகக் கருதும் அலுவலகங்கள் இக்கணக்கையும் போட்டுப் பார்ப்பது நலம்.

இணைக்கும் முறைகள்

இரு பாட்டரிகளையும் ஓடும்போது இணைத்தும் நிற்கும்போது பிரித்தும் வைக்கப் பல சாதனங்கள் உள்ளன. கையால் திருப்பும் விசை மிக மலிவானது. அதைத் திருப்ப மறந்தால் இரு பாட்டரிகளும் ஒருசேர வெறுமையாகும். டையோடு பிரிப்பான் மறதிக்கு இடம் தராது; ஆனால் சாதாரண சிலிக்கன் டையோடில் ஏறக்குறைய 0.7 வோல்ட் இழப்பு ஏற்படும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தந்தால் துணை பாட்டரிக்குக் கிடைப்பது 13.5 மட்டுமே. அவ்வளவில் பாட்டரி முழுமையாக நிரம்ப நாட்கணக்கில் ஆகும்.

மின்னழுத்தத்தை உணர்ந்து இயங்கும் ரிலே இவ்விரண்டினும் மேலானது. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைக் கடந்ததும் அது இரு பாட்டரிகளையும் இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். நெடுங்காலம் இது போதுமானதாகவே இருந்தது. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்கேற்ப அமைந்த ஊர்திகள் சிலவற்றில், எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கணினி கட்டுப்படுத்துகிறது. கிளப்பும் பாட்டரி நிரம்பியதும் அது மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிடும். அப்போது ரிலே எஞ்சின் நின்றுவிட்டதாகக் கருதித் துணை பாட்டரியைத் துண்டித்துவிடும். இத்தகைய ஊர்திகளுக்கு டிசி-டிசி மின்னேற்றி இன்றியமையாதது. உள்ளே வரும் மின்னழுத்தம் தாழ்ந்திருப்பினும் அதை உயர்த்தி, பாட்டரியின் தேவைக்கேற்பப் படிப்படியாக இது மின்னேற்றும். பழைய ஊர்திக்கென எழுதப்பட்ட விவரக்குறிப்பையே புதிய ஊர்தியின் ஒப்பந்தப்புள்ளியிலும் படியெடுத்துச் சேர்ப்பதால் விளையும் இடர்களுள் இது ஒன்று.

கம்பியின் பருமன் சிறு செய்தியாகத் தோன்றினும் அவ்வாறன்று. எஞ்சினிலிருந்து ஊர்தியின் பின்பகுதிக்குப் போகவும் வரவும் 10 மீட்டர் தாமிரக் கம்பி எனக் கொள்க. அதன் குறுக்குவெட்டு 6 சதுர மில்லிமீட்டராயின், 30 ஆம்பியர் மின்னோட்டத்தில் 0.86 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும். 25 சதுர மில்லிமீட்டராயின் இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே. டையோடால் ஏற்படும் இழப்பைவிட மெல்லிய கம்பியால் ஏற்படும் இழப்பு கூடுதல் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இக்கம்பியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பாட்டரியின் அருகே ஃபியூஸ் இருத்தல் வேண்டும். இரு பக்கமும் பாட்டரி இருப்பதால், நடுவில் கம்பி உராய்ந்து உடலுலோகத்தைத் தொட்டால் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் பாயும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் தீ விபத்தைத் தடுக்க இயலாது.

வெப்பமும் குளிரும்

நம் நாட்டின் பரப்பும் தட்பவெப்பமும் ஒரே விதியை எங்கும் பொருத்த இடந்தருவதில்லை. 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் ஃபலோதியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. தார்ப் பாலைவனப் பகுதியில் கோடையில் 45 டிகிரி என்பது வியப்புக்குரியதன்று. எஞ்சினுக்கு அருகே வைக்கப்பட்ட பாட்டரியின் வெப்பம் அதனினும் மிகும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. ஆகவே துணை பாட்டரியை எஞ்சினை விட்டுத் தள்ளி, காற்றோட்டமுள்ள தனிப்பெட்டியில் அமைத்தல் வேண்டும். மின்னேற்றும் அழுத்தத்தையும் வெப்பத்திற்கேற்பக் குறைக்க வேண்டும். 25 டிகிரியில் 14.4 வோல்ட் தேவையெனில் 45 டிகிரியில் 13.9 அளவே போதுமானது. குறைக்காவிடில் நீர் விரைந்து வற்றும். அடைத்த வகை பாட்டரியில் வற்றிய நீரை மீண்டும் ஊற்றவும் வழியில்லை.

இதற்கு நேர்மாறான நிலையை லடாக்கில் காணலாம். பூச்சியத்திற்குக் கீழ் 20 டிகிரியில் காரீய அமில பாட்டரி தன் கொள்திறனில் ஏறக்குறைய பாதியையே தரும். உறைதல் மற்றோர் ஆபத்து. முழுதும் நிரம்பிய பாட்டரியின் அமிலம் பூச்சியத்திற்குக் கீழ் 50 டிகிரியிலும் உறையாது. வெறுமையான பாட்டரியின் அமிலமோ ஏறத்தாழ நீரைப்போல் நீர்த்திருப்பதால் பூச்சியத்திற்குக் கீழ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். பாலைவனத்தில் நிரம்பாத பாட்டரி சில மாதங்களில் சாகிறது; திராசில் ஓர் இரவிலேயே செத்துவிடலாம்.

நாள்வழிப் பராமரிப்பு

பாட்டரி எந்த அளவு நிரம்பியுள்ளது என்பதை அறிய, அதைச் சில மணி நேரம் ஓய்வாக விட்டு வோல்ட்மானியால் அளக்கலாம். 12.7 வோல்ட் முழு நிறைவையும், 12.2 பாதியையும், 11.9 ஏறத்தாழ வெறுமையையும் குறிக்கும். மின்னேற்றியை நிறுத்திய உடனே அளந்தால் தவறான உயர்ந்த அளவு தோன்றும். மூடி திறக்கும் வகை பாட்டரிகளில் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையின் ஒப்படர்த்தியையும் மாதம் ஒருமுறை பார்ப்பது இதனினும் நம்பத்தக்கது. அறைகளுக்கிடையே 0.030க்கு மேல் வேறுபாடு இருப்பின் ஓர் அறை பழுதடைந்து வருகிறது என்று கொள்ளலாம்.

நீர்மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் உள்ள உப்புகளும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள மேற்கு ராஜஸ்தான் போன்ற பகுதிகளில் இது மேலும் தீங்கானது. தகடுகள் மூழ்கியிருக்கும் வரையில், மின்னேற்றம் முடிந்த பின்னர் நீர் ஊற்றுவதே முறை. முன்னரே ஊற்றினால் அமிலம் விரிந்து வழியும். குறைந்தது என்பதற்காக அமிலத்தை ஊற்றுதல் கூடாது. ஆவியாவது நீரேயன்றி அமிலமன்று. முனைகளில் பூத்த வெண்படிவைச் சமையல் சோடா கரைசலால் கழுவித் துடைத்து வாசலின் பூச வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதை இறுதியிலும் கையாள வேண்டும். மின்னேற்றத்தின் இறுதிக்கட்டத்தில் வெளிப்படும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கக் கூடியது. ஆக்சிஜன் சிலிண்டர் உள்ள ஊர்தியில் இதன் கடுமையைக் கூற வேண்டியதில்லை.

ஊர்தியின் நாட்குறிப்பில் கிலோமீட்டரும் டீசலும் தவறாது எழுதப்படுகின்றன. அவற்றுடன் காலையில் ஒரு வோல்ட் அளவும், இரவில் மின்னேற்றிய நேரமும் என இரு பத்திகளைச் சேர்த்தால் போதும். காலை அளவு 12.7, 12.5, 12.3 என்று நாளுக்கு நாள் இறங்கிவருவதைக் காணும் ஓட்டுநர், மூன்றாம் நாளின் நிறுத்தத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வார். நாள்தோறும் இரவு மின்னேற்றம் இயலாத இடங்களில், வாரம் ஒருமுறையேனும் முழு இரவும் மின்னேற்றி இறுதி 20 விழுக்காட்டையும் நிரப்புதல் வேண்டும். அன்று ஊர்தியை வேறு பணிக்கு அனுப்பாதிருப்பது மேலதிகாரியின் பொறுப்பு; ஓட்டுநரின் பொறுப்பன்று.

கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவது நல்ல துணையே. 200 வாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ஆம்பியர்-மணி தரலாம். ஆனால் நோயாளிகள் வெயிலில் வரிசையில் நிற்க இயலாது. ராஜஸ்தானில் கேஜ்ரி என்று வழங்கும் வன்னி மரத்தின் நிழலில் ஓட்டுநர் ஊர்தியை நிறுத்துகிறார், அது சரியே. நிழலில் நின்ற தகடு தரும் மின்சாரம் மிகக் குறைவு. இதைக் கணக்கில் கொள்ளாது, சூரிய மின்தகடு உண்டு என்பதால் இரவு மின்னேற்றம் தேவையில்லை என முடிவு செய்தல் ஆகாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி எடையில் குறைந்தது. பாதி நிரம்பிய நிலையில் இருப்பதால் அதற்குத் தீங்கில்லை. ஆயிரக்கணக்கான முறை இறக்கி ஏற்றலாம். நிரம்பாமையே முதன்மை நோயாக உள்ள இப்பணிக்கு அது மிகப் பொருத்தமானது. எனினும் பூச்சியத்திற்குக் கீழான வெப்பநிலையில் அதனை மின்னேற்றுதல் கூடாது. லடாக்கில் சூடேற்றும் வசதியின்றி அது பயன்படாது. அதன் மின்தடை மிகக் குறைவாதலின், வெறும் ரிலேயின் வழியே நேராக இணைத்தால் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பாட்டரியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மின்னேற்றியையும் ரிலேயையும் அப்படியே விட்டுவைப்பது இரட்டை நட்டம்.

பயன் தீர்ந்த பாட்டரியின் எடையில் பாதிக்கும் மேல் காரீயமே. அதனால் அதற்குப் பழைய பொருள் சந்தையில் நல்ல விலை உண்டு. அதுவே ஆபத்தும் ஆகிறது. அனுமதியற்ற உலைகளில் அது உருக்கப்படும் இடங்களில் காரீயத் தூசி குழந்தைகளின் குருதியில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. மருத்துவ ஊர்தியின் பாட்டரியே நோய்க்குக் காரணமாதல் கொடிது. 2001ஆம் ஆண்டின் பாட்டரி விதிகள், பழைய காரீய பாட்டரிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே ஏலம் விட வேண்டுமெனக் கூறின. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றின் இடத்தில் வந்து, எல்லா வகை பாட்டரிகளையும் உள்ளடக்கி, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. ஆகவே புதிய பாட்டரிக்கான கொள்முதல் ஆணையிலேயே பழையதைத் திரும்பப் பெறும் நிபந்தனையையும் சேர்த்துவிடலாம். அவ்வாறு ஒப்படைக்கும் வரை பழைய பாட்டரியை நிமிர்த்திய நிலையில், அமிலத்தை வெளியே கொட்டாமல், கூரையுள்ள இடத்தில் வைத்திருக்க வேண்டும்.